எந்த மண்ணில் செருப்பைக் கழற்றுவது?

"கொஞ்ச நாளைக்கு வெறுங்கால்ல நடந்து பாருங்க, படபடப்பு தானாக் கொறையும்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். யோகா வகுப்பில் சொல்கிறார்கள், சித்த வைத்தியர் சொல்கிறார், வாட்ஸ்அப்பிலும் வருகிறது. எங்கே நடப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கோயம்புத்தூரில் ஏழாவது மாடியில் குடியிருப்பவருக்கும், காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் கெடுகிறவருக்குத் தேவையான நடை ஒன்று. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் கோபிச்செட்டிபாளையத்து அம்மாவுக்குத் தேவையான நடை இன்னொன்று. கொங்கு நாட்டில் நமக்குக் கிடைக்கும் தரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது யாருக்கு ஆகும் என்று இங்கே பார்க்கலாம்.

முதலில் நடையின் பலனையும் வெறுங்காலின் பலனையும் பிரித்துவிட வேண்டும். மனதுக்கு நடை நல்லது என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு 218 ஆய்வுகளை, 14,170 பேரின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வைக் குறைத்த பயிற்சிகளில் நடையும் மெல்லோட்டமும் முன்வரிசையில் இருந்தன. நடக்கும் இடத்துக்கும் பங்கு உண்டு. 2015இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 38 பேரைப் பிரித்து, ஒரு பாதியினரைப் புல்வெளியும் மரமும் உள்ள இடத்திலும், மறு பாதியினரை வண்டிகள் பறக்கும் சாலையோரத்திலும் 90 நிமிடம் நடக்க வைத்தார்கள். பசுமையில் நடந்தவர்களுக்கு, நினைத்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமையும் பழக்கம் குறைந்திருந்தது. இவையெல்லாம் நடைக்கும் இடத்துக்கும் சேர வேண்டிய பெருமை. செருப்பைக் கழற்றியதால் வந்தவை அல்ல.

வெறுங்கால் சேர்ப்பது வேறு ஒன்றை. அடிப்பாதத் தோலில் அழுத்தம், தொடுகை, அதிர்வு, தோல் இழுபடுதல் ஆகியவற்றை உணரும் நரம்பு முனைகள் நான்கு வகையாக இருக்கின்றன. தடித்த ஸ்பாஞ்ச் அடிப்பாகம் வைத்த ஷூவுக்குள் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. செருப்பைக் கழற்றி மேடுபள்ளமான மண்ணில் இறங்கியதும் எடுத்து வைக்கும் எட்டு சிறிதாகிறது, வேகம் தானாகக் குறைகிறது, கண்ணும் கவனமும் காலடிக்கு வந்துவிடுகின்றன. மனநல ஆலோசகர்கள் பதற்றம் தலைக்கேறும் நேரத்தில் "பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள்" என்று சொல்லித் தருவதும் இதே வழிதான். நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஓடும் மனதை இப்போது மிதிக்கும் கல்லுக்குக் கொண்டுவருகிறது. கால் மரத்துப்போகுமோ என்ற பயமும் வேண்டாம். வெறுங்காலோடு நடந்து தோல் காய்த்தவர்களை கென்யாவில் சோதித்து, 2019இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். காய்ப்பு தடித்திருந்தாலும் பாதத்தின் தொடு உணர்வு குறையவில்லை.

என் கணக்கு இதுதான்: மனச்சோர்வு என்றால் நடையின் நீளமும் காலை வெளிச்சமும் கூட நடக்கும் ஆளும் முக்கியம். படபடப்பு என்றால் தரை முக்கியம். கீழே சொல்வதெல்லாம் இந்த அடிப்படையில்தான்.

யார் கழற்றவே கூடாது

சர்க்கரை நோய் உள்ளவர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தி 2023இல் வெளியான கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் பாத நரம்புகள் உணர்வை இழக்கும். முள் குத்தியது தெரியாது, கொப்புளம் வந்தது தெரியாது, சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். "செருப்பில்லாம நடந்தே பழகுன காலுங்க, என்ன ஆகப்போகுது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழகிய காலில் இன்று உணர்வு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து மருத்துவமனையில் சோதிப்பார்கள், வலியே இல்லாத சோதனை. அது தெளிவாக வரும்வரை எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்போடு நடப்பதே சரி. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் சுற்று இருக்கிறது, ஒரு சுற்று சுமார் 2.5 கிலோமீட்டர். மரநிழல், காலை வெளிச்சம், தெரிந்த முகங்கள் எல்லாம் கிடைக்கும். வெறுங்கால் இல்லை என்பதால் மனதுக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை.

குதிகால் வலி கடுமையாக உள்ளவர்களும், காலில் ஆறாத புண் உள்ளவர்களும் இப்போதைக்கு ஒதுங்கியிருக்கலாம். மற்றவர்கள் டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு தொடங்கலாம்.

இட்டேரியும் செம்மண் காடும்

இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலியாக நிற்க, நடுவில் வண்டித்தடம் புழுதியாகக் கிடக்கும் இட்டேரி கொங்கு நாட்டின் சொத்து. பல ஊர்களில் அது தார்ச்சாலையாகிவிட்டது. மிச்சம் இருக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெடியால நேரத்தில் அந்தப் புழுதி குளிர்ந்திருக்கும், மாவு போல விரலிடுக்கில் ஏறும். இருபக்க வேலியும் காற்றையும் சத்தத்தையும் மட்டுப்படுத்தும். போகவும் வரவும் ஒரே தடம் என்பதால் எந்தப் பக்கம் திரும்புவது என்ற யோசனைகூட வேண்டாம்.

ஆனால் முள்ளுக்குப் பெயர்போன இடமும் அதுவே. காங்கேயம், மூலனூர் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் மெத்தென்று இருக்கும். மேலே நிற்கும் வெள்வேல மரம் உதிர்த்த முள் அந்தப் புல்லுக்குள் கிடக்கும். நெருஞ்சி காய்ந்த மாதங்களில் தடத்தோரம் கால் வைக்க முடியாது. பார்த்தீனியம் மண்டிய இட்டேரியில் நடந்தால் சிலருக்குத் தோல் அரிப்பு பிடித்துக்கொள்ளும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலம் கழிக்க ஒதுங்கும் இடமாக இட்டேரியைப் பயன்படுத்தும் ஊரில் வெறுங்காலோடு போகாதீர்கள். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் காத்திருந்து, பாதத் தோல் வழியாகவே உடம்புக்குள் புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகை முற்றினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், உடம்பு சோரும். படபடப்பைத் தீர்க்கப் போய்ப் படபடப்பையே வாங்கி வந்த கதையாகும்.

அதனால் என் முதல் தேர்வு, நமக்குத் தெரிந்த, வேலியடைத்த தோட்டத்து மண். அதிலும் மழை பெய்து, உழவு ஓட்டி, ஒரு நாள் ஆறிய செம்மண் காட்டுக்கு ஈடாக வேறு தரையை நான் பார்த்ததில்லை. எனக்கு மனம் பரபரக்கும் காலங்களில் உழவுசாலின் ஓரமாகப் போய் வருவேன். மண்கட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடையும், அடுத்த எட்டைக் கால் தேடிக்கொண்டே இருக்கும். கால்மணி நேரத்தில் மூச்சு நிதானப்படுவது தெரியும். கரிசல் அப்படியல்ல. மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் வெடிப்பு விளிம்பு கிழிக்கும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல்காரர்கள் களத்துமேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். மருந்தோ களைக்கொல்லியோ அடித்த காட்டில் சில நாட்களுக்கு யாரும் வெறுங்காலோடு இறங்கக் கூடாது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் நல்லது. வட்டப்பாத்திக்கு வெளியே, வெயில் விழும் காய்ந்த பகுதியில் நடந்தால் போதும்.

புல்

பனிப்புல்லில் நடப்பதை இயற்கை மருத்துவத்தில் பரப்பியவர் பவேரியாவைச் சேர்ந்த செபாஸ்டியன் க்னைப் என்ற பாதிரியார் (1821–1897). அதை எடுத்துக்கொண்ட நாம், ஈரப்புல்லில் நடந்து முடித்ததும் உலர்ந்த காலணி போட்டுச் சூடேறும்வரை நடக்க வேண்டும் என்று அவர் சொன்னதை விட்டுவிட்டோம். நமக்குக் கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் பனி இறங்கும். சித்திரையில் புல்லே இருக்காது. பூங்காப் புல்தரை நல்ல தொடக்கம், குழந்தைகளும் வயதானவர்களும்கூட நடக்கலாம். ஆனால் சமமாக வெட்டிய புல்லில் பாதம் சீக்கிரம் பழகிவிடும், கவனம் மறுபடி ஓடிவிடும். வயல்வரப்புப் புல்லுக்கு நான் உடன்பட மாட்டேன். கண்ணாடி விரியன் புல்லோடு புல்லாகக் கிடக்கும், விடிந்தும் விடியாத நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாய்க்கால் கரையும் ஆற்று மணலும்

பவானிசாகரில் புறப்பட்டு ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலின் கரை, நடப்பதற்கு இந்தப் பகுதியிலேயே நீளமான மண்தடங்களில் ஒன்று. வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள். தண்ணீர் போகும் மாதங்களில் அந்த ஓட்டத்தின் ஓசையும் மரக்காற்றுமாக மனச்சோர்வுக்கு ஏற்ற இடம் அது. நெடுந்தூரம் நடக்கலாம், கூட இரண்டு பேரையும் அழைத்துப் போகலாம். வெறுங்காலுக்கு அங்கே ஒரே எதிரி உடைந்த மதுபாட்டில். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டத்தை 2022இல் நீலகிரியில் தொடங்கினார்கள். கரையில் நடக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல திட்டம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். கரை சுத்தமாகும்வரைக்கும் செருப்போடு போய், தெரிந்த சுத்தமான துண்டில் மட்டும் கழற்றி, கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் வேறு மாதிரி. கெட்டித் தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், 1998இல் அளந்து பார்த்தபோது 2.1 முதல் 2.7 மடங்கு வரை வந்தது. இருபது நிமிடத்தில் கெண்டைக்கால் கடுக்கும், அன்று இரவு தூக்கம் வரும். தூக்கம் கெட்டவர்களுக்கு இது நல்ல வழி, கணுக்கால் பிசகியவர்களுக்கு ஆகாது. சத்தியமங்கலத்தில் பவானி, தாராபுரத்தில் அமராவதி, கொடுமுடியில் காவிரி என்று தண்ணீர் வற்றிய மாதங்களில் இடம் பார்த்துக்கொள்ளலாம். மணல் அள்ளிய குழிகள் இருக்கும் என்பதால் தனியாகப் போக வேண்டாம். திருப்பூருக்குக் கீழே நொய்யலை விட்டுவிடுங்கள். பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுநீர் தேங்கும் இடமானதும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நாம் பார்த்தவை. அந்த மண்ணில் ஆறுதல் தேட வேண்டாம்.

எட்டு நடை, மொட்டை மாடி

ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கிடைப்பது பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவத் தடம். எட்டில் கால் எப்போதும் வளைந்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால் மனம் தப்பி ஓடுவது கடினம். கூழாங்கல்லுக்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. 2005இல் அமெரிக்காவின் ஓரிகனில் 60 வயது கடந்த 108 பேரைப் பிரித்து, ஒரு குழுவைக் கல்பாவிய விரிப்பில் 16 வாரம் நடக்க வைத்தார்கள். சாதாரண நடைக் குழுவைவிட அவர்களுக்கு உடல் சமநிலை கூடியது, இரத்த அழுத்தமும் குறைந்தது. மனநிலைக்கு நேரடிச் சான்று இல்லை என்றாலும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே வீட்டுக்குள் முடங்கிய பெரியவர்களுக்கு இது பெரிய விஷயம். எனக்கு உள்ள குறை, கல் பதிக்கும் விதத்தில். பல இடங்களில் கூர்முனை மேலே நிற்கும்படி சிமெண்டில் நட்டுவிடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தால் தோளும் தாடையும் இறுகும், படபடப்பு குறையாது. கல் வலித்தால் அது உங்களுக்கான தடம் இல்லை. சாக்பீஸால் வீட்டு வாசலிலேயே எட்டு போட்டு நடக்கலாம்.

மொட்டை மாடியைப் பலரும் குறைவாக நினைக்கிறார்கள். மண் இல்லை, பசுமை இல்லை, வழவழப்பான சிமெண்டில் பாதத்துக்குச் சேதியும் அதிகம் இல்லை. ஆனாலும் கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கும், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கும், தனியாக வெளியே போகத் தயங்குகிறவருக்கும் தினமும் தவறாமல் கிடைக்கும் தரை அதுதான். தினமும் செய்யும் பத்து நிமிடம், மாதம் ஒருமுறை போகும் ஆற்று மணலைவிட மேல். பாதி இடத்தில் தண்ணீர் தெளித்து, ஓரத்தில் தென்னைநார் விரிப்பும் ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல்லும் வைத்து, ஈரம், நார், கல் என்று மாறி மாறி மிதித்தால் கவனம் நிற்கும். பங்குனி, சித்திரையில் பொழுது ஏறும் முன்பே முடித்துவிடுங்கள்.

கோயிலும் படியும்

செருப்பைக் கழற்ற ஏற்கெனவே இடமும் காரணமும் உள்ள இடம் கோயில். பேரூர், அவினாசி, பவானி கூடுதுறை போன்ற பெரிய கோயில்களின் பிரகாரக் கருங்கல் காலையில் குளிர்ந்து கிடக்கும். யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள், நாலு பேர் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பார்கள். எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும் அந்தக் கோபி அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான், வாய்க்கால் கரை இரண்டாவது. மத்தியானம் மட்டும் வேண்டாம். வெள்ளைப் பெயிண்டும் விரிப்பும் போட்டிருந்தாலும் கல் சுடும்.

சென்னிமலையின் 1320 படிகளோ மருதமலைப் படிகளோ வேறு கணக்கு. ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். மனச்சோர்வு உள்ளவருக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்த நிறைவு நன்றாகவே வேலை செய்யும். திடீர்த் திகில் வந்து பழகியவருக்கு அந்த நெஞ்சடிப்பே பயத்தைக் கிளப்பிவிடக்கூடும். நெஞ்சு வேகமாக அடித்தாலும் ஆபத்தில்லை என்று பழகிக்கொள்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான், ஆனால் அதை மருத்துவர் துணையோடு சிறுகச் சிறுகச் செய்ய வேண்டும். இதய நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே படியைப் பற்றி யோசிக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு நடப்பதை நேர்த்திக்கடனாகப் பாருங்கள், மருந்தாகப் பார்க்காதீர்கள். தார்ச்சாலையில் பல நாள் நடை அது, பழகாத கால் முதல் நாளே கொப்புளித்துவிடும். கூட்டத்தோடு பாடிக்கொண்டு போகும் உற்சாகம் உண்மை. பாதத்தை மட்டும் கார்த்திகையிலிருந்தே பழக்குங்கள்.

ஆன்லைனில் விற்கும் "எர்த்திங்" விரிப்பு வேண்டாம். மின் இணைப்பின் எர்த் வழியாக உடம்பைப் பூமியோடு சேர்ப்பதாகச் சொல்கிறார்கள். அதற்குக் காட்டும் ஆய்வுகள் மிகச் சிறியவை, சிலவற்றை எழுதியவர்களுக்கு அந்தப் பொருளை விற்கும் நிறுவனத்தோடு தொடர்பும் உண்டு. வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை என்றால் ஆபத்தும் சேர்ந்துவிடும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தென்னைநார் விரிப்பும் கோபி வரை போய்வர பஸ் டிக்கெட்டும் வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.

எப்படித் தொடங்குவது

திருப்பூர்க்காரருக்கு: வாரநாளில் மாடியில் பத்து நிமிடம், மெதுவாக, போனைக் கீழே வைத்துவிட்டு. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் தோட்டம் எதுவானாலும் போய் உழவுக்காட்டில் அரைமணி நேரம். செருப்பு போட்ட நீண்ட நடையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவை ஷூவோடு நிறைவேற்றிக்கொண்டு, வெறுங்காலை அதன் கடைசி ஐந்து பத்து நிமிடமாக வைப்பதுதான் எனக்குத் தெரிந்து பெரும்பாலோருக்கு ஒத்துவரும் ஏற்பாடு. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தை ஒருமுறை பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை மூன்றும் கெட்டிருந்தால் தரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் படபடப்பாக வந்து நிற்கும். மனநல மருத்துவரிடம் போகத் தயக்கம் இருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள், பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், நடந்து நன்றாக இருக்கிறது என்பதற்காக அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. குறைப்பதா வேண்டாமா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரே சொல்லட்டும்.